ஆலவாய்த் திருவீதிகளும் ஓவியரும்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இக்குடமுழுக்குப் பெருவிழாவில் கோயிற்கலைபற்றிச் சில சொல்லுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். விமானத்தின் உறுப்புக்களையும் படிமங்களின் இலக்கணத்தையும் எடுத்துரைக்க வல்லார் பலர் இவ்வவையில் இருக்கின்றனர். ஆதலின், அவர்கள் தொடாது விட்ட பொருளொன்றை யான் எடுத்துக்கொள்கின்றேன். மதுரை மாநகரின் வீதிகளில் அமர்ந்து, கண்ணெதிரே காணும் வீதியையே தாளில் எழுதும் ஓவியரைப்பற்றியது அது.

நம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலும் இத்தகைய இளைஞர் சிலர் விடியற்காலையில் வந்து, மடிமேல் ஒரு பலகையும் அருகே ஒரு குவளைத் தண்ணீருமாக அமர்ந்திருத்தலை நீங்கள் கண்டிருப்பீர்கள். அன்பர் ஒருவர் என்னிடம், "ஐயா, உள்ளே அம்மையப்பர் எழுந்தருளியிருக்க, இவர்கள் இட்டலிக் கடையையும் மிதிவண்டியையும் எழுதிக்கொண்டிருக்கிறார்களே, திருவாயிலருகில் இவர்களை அமரவொட்டாமல் தடுத்தால் என்ன?" என்று வினவினார். அவ்வினா பத்தியினின்றும் எழுந்தது. ஆகவே, அதற்கு விடையும் சமயநெறி நின்றே கூறுதல் முறையாகும்.

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவை எங்ஙனம் தொடங்கினார் என்பதைச் சற்றே எண்ணிப்பாருங்கள். ஆணும் பெண்ணும் அஃறிணையுமாய் நம் கண்முன் விரிந்து கிடக்கும் உலகத்தை முதலிற் சுட்டினார். அது தோன்றுதலையும் நிற்றலையும் ஒடுங்குதலையும் காட்டினார். அதனைக்கொண்டே அதற்கொரு தலைவன் உண்டென்று நிறுவினார். உலகம் கானல் நீர் என்று தள்ளுவார்க்கு இட்டலிக் கடையும் கானலே. அதில் எழுதுதற்கு யாதும் இல்லை. சித்தாந்த சைவர்க்கோ உலகம் உள்பொருள். அது மாறும், ஆயினும் பொய்யன்று. திருமடத்தில் எங்களுக்குப் பாடஞ்சொன்ன ஆசிரியப் பெருமான் அந்நூற்பாவைத் தொடங்குமுன் மாணாக்கரைத் திண்ணைக்கு அனுப்பி, ஒரு நாழிகை தெருவைப் பார்த்துவிட்டு வந்து கண்டதைச் சொல்லுக என்பார். ஐந்து மாணாக்கரும் ஐந்து தெருக்களைச் சொல்வோம். அவர் சிரித்துக்கொண்டே ஏட்டை அவிழ்ப்பார். பார்த்தல் என்பது பழகிப் பெறவேண்டிய திறம் என்பதை அன்றே உணர்ந்தோம்.

இனி, மதுரைக்கே உரிய காரணம் ஒன்று உளது. பிற தலங்களில் இறைவன் மலைமேலும் காட்டிடையும் அருவிக்கரையிலும் திருவருள் புரிந்தான். ஆலவாயிலோ அவன் தெருவுக்கே வந்துவிட்டான். வளையல் விற்றதும், விறகு சுமந்து கூவி விற்றதும், மாணிக்கம் விற்றதும் இந்நகர வீதிகளிலேதான். வந்திக்குக் கூலியாளாய் வந்து பிட்டுக்கு மண் சுமந்ததும் இவ்வைகைக் கரையிலேதான். பாண்டியன் ஓச்சிய பிரம்பின் அடி அவன்மேல் மட்டும் படாது, அரசன்மேலும் அமைச்சர்மேலும் தெருவில் நின்றார் அனைவர்மேலும் பட்டது என்று திருவிளையாடற் புராணம் பேசும்போது, இறைவன் வேறு, வீதி வேறு என்று எங்ஙனம் பிரித்தல் கூடும்? இன்றும் ஆவணி மூலத் திருவிழாவில் இத்திருவிளையாடல்கள் ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்பெறுகின்றன. சொக்கர் மண் சுமக்கும் நாளில் புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்கின்றார். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரைத் தெருக்கள் தாங்கி நிற்கும் ஊர் இது. இங்கே வளையற்கடையை எழுதுகின்றவன் எதனை எழுதுகின்றான் என்பதை அவனே அறியாதிருக்கலாம்; நாம் அறியாதிருத்தல் தகாது.

சங்கச் சான்றோர் இதனை அறிந்திருந்தனர். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாட வந்த மாங்குடி மருதனார், மதுரைக்காஞ்சியில் அந்நகரத் தெருக்களைப் பகலும் இரவும் நடந்து பார்த்தவர் போலவே காட்டுகின்றார். கடைவீதியில் நின்றாரை வரிசைப்படுத்தும் இடம் ஒன்று அப்பாட்டில் உண்டு. சங்கறுத்து வளையல் கடைவார், மணி துளைப்பார், பொன்னை உரைத்துக் காண்பார், ஆடை விற்பார், செம்பை நிறுத்துக் கொள்வார், பூவும் புகைப்பொருளும் விற்பார் என்று சொல்லி வந்து, அவர்களோடு ஒருவராகவே ஓவியரையும் நிறுத்துகின்றார். 'கண்ணுள் வினைஞர்' என்பது அவர் அவர்களுக்கு இட்ட பெயர். காண்பார் கண்ணுள்ளே தம் தொழிலை நிறுத்துவார் என்பது அப்பெயரின் கருத்து. இதனினும் அழகிய பெயர் ஓவியருக்கு எம்மொழியிலேனும் உண்டோ என்பது எனக்கு ஐயமே. ஓவியரை அரண்மனைக்குள்ளோ கோயிலுக்குள்ளோ அவர் வைத்திலர்; வளையற்காரருக்கும் பூக்காரருக்கும் நடுவே தெருவில் வைத்தார். பரிபாடலிலோ, திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தில் வந்தோர் ஒருவரை ஒருவர், இவன் யார், இவள் யார் என்று கேட்டும் விடை சொல்லியும் படங்களைக் காணும் காட்சி வருகின்றது. ஓவியத்தின் முன் நின்று பேசும் பழக்கம் இம்மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகட்கு அண்மையதாகும்.

பிற்காலத்து ஓவியம் பெரும்பாலும் கோயிலுக்குள் சென்று சுவரிலும் விதானத்திலும் தங்கியது. அங்குள்ள ஓவியர் தியானச் செய்யுளில் சொல்லியவாறு அகக்கண்ணாற் கண்டதை எழுதினார். எனினும், ஊர் அங்கேயும் புகுந்துவிடும். மீனாட்சியம்மை கோயில் ஊஞ்சல் மண்டப விதானத்தில் அம்மையின் திருமணக் காட்சியை எழுதியவர், அதனருகே இராணி மங்கம்மாளையும் சிறுவனான விசயரங்க சொக்கநாதனையும் எழுதிவைத்தார். தேவர் மணவிழாவுக்குத் தம் ஊர் அரசியை அழைக்காமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்!

வெளியில் அமர்ந்து நகரக் காட்சியை அப்படியே தாளில் பெயர்த்தெழுதும் வழக்கம் மதுரையில் வேரூன்றியதில் அயல்நாட்டார்க்குப் பங்குண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. தாமசு தானியல் என்பாரும் அவர் உடன்பிறந்தார் மகனாராகிய உவில்லியம் தானியல் என்பாரும் 1792-ஆம் ஆண்டில் தென்னாடு முழுவதும் பயணஞ்செய்து மதுரைக்கும் வந்தனர். ஒளி புகும் துளையும் கண்ணாடியும் பொருத்திய இருட்பெட்டி ஒன்றன் துணைகொண்டு அவர்கள் காட்சிகளை வரைந்தனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த அவர்தம் 144 படங்களின் தொகுதியில், திருமலை நாயக்கர் அரண்மனை இடிந்து கிடக்கும் தோற்றமும் உள்ளது. 1636-இல் எழுந்த அவ்வரண்மனையின் பெரும்பகுதியைப் பேரனார் சொக்கநாத நாயக்கரே பிரித்தெடுத்துத் திருச்சிக்குக் கொண்டுசென்றார். எஞ்சியதைச் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு 1866-ஆம் ஆண்டுக்குப் பின்னரே செப்பனிட்டார். இடைப்பட்ட நிலையை நாம் காண்பதற்கு அப்படம் உதவுகின்றது. ஆயினும், ஒரு குறை சொல்லாதிருக்க இயலவில்லை. அவர்தம் படங்களில் மக்கள், தூண் எத்துணை உயரம் என்று காட்டும் அளவுகோலாகவே நிற்கின்றனர். இடிபாட்டில் அவர்கள் கொண்ட காதல் அதனடியில் குடியிருந்தார்மேல் செல்லவில்லை.

அவர்கள் கண்ட மதுரைக்கும் நாம் காணும் மதுரைக்கும் இடையே எத்தனை மாற்றம்! அன்று நகரைக் கோட்டை மதிலும் அகழியும் சூழ்ந்திருந்தன. மாவட்ட ஆட்சித்தலைவராயிருந்த பிளாக்பர்ன் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மதிலை இடிப்பித்து அகழியைத் தூர்ப்பித்தார். அப்பணியில் ஈடுபட்ட இருவர் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேத்திரி வீதியும் இன்றும் விளங்குகின்றன. பிளாக்பர்ன் நினைவாக எழுந்தது விளக்குத்தூண். வடக்குக் கோபுரமோ நெடுங்காலம் மேல்நிலை இன்றி மொட்டைக் கோபுரம் என்றே பெயர்பெற்று நின்றது. நகரத்தார் பெருமக்கள் 1878-இல் அதனை நிறைவு செய்தனர். அதற்குமுன் எழுதப்பெற்ற படங்களில் அது மொட்டையாகவே நிற்கும். 1858-இல் லின்னேயசு திரைப்பு என்னும் படைத்தலைவர் ஒளிப்படக் கருவியுடன் வந்து மதுரைக் காட்சிகளை எடுத்தார். ஒளிப்படம் வந்தபின் ஓவியர்க்கு வேலையில்லை என்று அப்போதும் சொல்லியிருப்பார்கள், இப்போதும் சொல்கின்றார்கள்.

ஒளிப்படம் ஒரு நொடியைக் காட்டும். ஓவியன் அமர்ந்திருந்த மூன்று மணி நேரமும் ஓவியத்தில் இருக்கும். மேலைநாட்டில் 1841-இல் ஜான் இராண்டு என்னும் அமெரிக்க ஓவியர் குழைத்த வண்ணத்தை வெள்ளீயக் குழலில் அடைக்கும் வழியைக் கண்ட பின்னர், ஓவியர் பட்டறையை விட்டு வயலுக்கும் தெருவுக்கும் செல்லுதல் எளிதாயிற்று. பிரெஞ்சு நாட்டு மோனே என்பவர் 1892-லும் 1893-லும் உரூவான் நகரப் பெருங்கோயிலின் எதிர்வீட்டுச் சாளரத்தருகே அமர்ந்து, அக்கோயில் முகப்பு ஒன்றையே முப்பதுக்கு மேற்பட்ட படங்களாக எழுதினார். காலைக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று, பனிக்கு ஒன்று, மாலை வெயிலுக்கு ஒன்று என அவை அமைந்தன. ஆறுகால பூசை கண்ட நமக்கு இது புதுமையன்று. ஒரே மூர்த்திக்கு வேளைதோறும் வேறு அலங்காரம் செய்து காண்கின்றோம் அல்லமோ? தெற்குக் கோபுரத்தைத் திருவனந்தலில் ஒருமுறையும் அர்த்தசாமத்தில் ஒருமுறையும் பார்த்தவர்க்கு மோனேயின் கருத்து எளிதில் விளங்கும்.

நம் நாட்டில் இவ்வழியைத் திருக்கோயில் வழிபாடாகவே ஆக்கிக்கொண்டவர் சில்பி என்னும் புனைபெயர் பூண்ட பி. எம். சீனிவாசன் (1919–1983). நாமக்கல்லிற் பிறந்து, சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்று, ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் வரிசைக்காகத் தலந்தோறும் சென்று, சிற்பங்களின் எதிரிலும் மூர்த்திகளின் சந்நிதியிலும் அமர்ந்து எழுதினார். இங்குள்ள மூத்தோர் பலர் அப்படங்களைக் கத்தரித்துப் பூசையறையில் வைத்திருந்தது எனக்குத் தெரியும். என் தாயாரும் வைத்திருந்தார்.

சில்பி கோயிலுக்குள் அமர்ந்து செய்ததை, மதுரை என்னும் ஊர் முழுமைக்கும் செய்தவர் மனோகர் தேவதாஸ். இவரைப்பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். 1936-இல் பிறந்த இவர் மதுரையில் வளர்ந்து, சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் பயின்றார். சென்னையில் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தவர். ஓவியத்தைப் பிழைப்பாகக் கொண்டவரல்லர். இளமைக்கால மதுரையைக் 'கிரீன் வெல் இயர்சு' என்னும் ஆங்கில நூலாக 1997-இல் எழுதினார். பின்னர் 2007-இல் மதுரையின் கோபுரங்களையும் தெப்பக்குளத்தையும் யானைமலையையும் பிறவற்றையும் கருமைக் கோடுகளால் எழுதிய படங்களைத் தொகுத்து இன்னொரு நூலாக வெளியிட்டார். மயிரிழை போன்ற கோடுகள் அவை. கோபுரத்துச் சுதையுருவங்களை ஒன்றும் தள்ளாமல், ஒவ்வொன்றையும் எண்ணி வைத்தாற்போல் எழுதுவார்.

இத்துணை நுண்மையாக எழுதியவர் கண்ணொளி குன்றி வந்தவர் என்பதை அறியும்போது நெஞ்சு நெகிழ்கின்றது. ரெடினிடிஸ் பிக்மென்டோசா என்று மருத்துவர் கூறும் விழித்திரை நோய் அவரைப் பற்றியது. அந்நோயுடையார்க்குப் பார்வை நாளடைவில் சுருங்கி, மூங்கிற்குழல் வழியே பார்ப்பது போலாகிவிடும். அவர் துணைவியார் மகிமா அம்மையார் 1972-இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். துணைவியாரை 2008-இல் அவர் மறையும்வரை பேணிக்கொண்டே, மிகுந்த விளக்கொளியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் துணையாகக் கொண்டு தேவதாஸ் எழுதினார். அவர்தம் படங்கள் வாழ்த்து அட்டைகளாகி அறச்செயல்களுக்குப் பொருள் ஈட்டின. 2020-ஆம் ஆண்டுக்குரிய பத்மஸ்ரீ விருதை அரசு வழங்கியது. 2022 டிசம்பரில் அவர் மறைந்தார். கண்ணப்பர் திறம் பேசி உருகும் நாம், கண் மங்கும்தோறும் கோபுரத்தையே நோக்கிய இவர் திறத்தையும் பேசலாம். நீ எச்சமயத்தவன் என்று அக்கோபுரம் அவரை வினவியதில்லை.

நான் முன்னர்க் கூறிய தோற்றமும் ஒடுக்கமும் நம் தெருக்களுக்கும் உண்டு. மலயத்துவசன் தேவியாகிய காஞ்சனமாலைக்காக இறைவன் எழுகடலையும் அழைத்த இடம் என்று புராணம் போற்றும் எழுகடல் குளத்தை இன்று தேடுவோர்க்குக் கடைகளே காணக் கிடைக்கும். தெருவின் பெயரில் மட்டும் கடல் இருக்கின்றது. புதுமண்டபத்துக் கற்றூண்களின் இடையே தையற்காரர் வரிசையாக அமர்ந்து தைத்துக்கொண்டிருந்த காட்சியை நம்மில் காணாதார் யார்? தூணிலே யாளி, அதன் காலடியிலே தையற்பொறி, அதன்மேலே அழகர் திருவிழாவுக்கு உடுத்தும் வண்ண உடை! அண்மை ஆண்டுகளில் அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பெற்றன. மண்டபத்தைக் காக்க அது வேண்டியதே என்பது என் கருத்து. 2018 பெப்ரவரி 2-ஆம் நாள் இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளிற் பற்றிய தீ கற்றூண்களையும் விதானத்தையும் சிதைத்ததை யார் மறப்பர்? அதனைச் சீர்செய்யப் பல ஆண்டுத் திருப்பணி வேண்டியதாயிற்று. எனினும், மாற்றம் முறையானதாயினும், மாறியதன் வடிவம் எங்கேனும் நிற்றல் வேண்டும் அன்றோ? தையற்காரர் அமர்ந்திருந்த நாளில் அங்கே ஓர் ஓவியன் அமர்ந்திருந்தானாயின் அவன் தாளிலே அது நிற்கின்றது.

ஊருக்கு வெளியேயும் இவ்வாறே. யானைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம் ஆகியவை சூழ்ந்த இச்சமவெளியில் வயல் நீரில் மலை தலைகீழாய்த் தோன்றும் காட்சி ஓவியர்க்குப் பெருவிருந்து. யானைமலை திருஞானசம்பந்தர் திருவாக்கில் இடம்பெற்றது. மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் சில கல்லுக்காக வெட்டுண்டு உருக்குலைந்தன. அரிட்டாபட்டியை அரசு 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது பெரும் ஆறுதல்.

அவ்விளைஞர் பணி எளிதென்று கருதற்க. மதுரை வெயிலில் நீர்வண்ணம் தாளிற் பரவுமுன்பே உலர்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் காலை ஒன்பது மணிக்குமேல் வெள்ளைத்தாள் கண்ணைக் கூசச் செய்யும். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும்; தொடக்கத்தில் எழுதிய நிழலும் முடிவில் எழுதும் நிழலும் முரணாமற் காத்தல் வேண்டும். பின்னால் நின்று பார்ப்பார் கூட்டம் வேறு! ஒருநாள் தெற்கு ஆவணி மூல வீதியில் யான் கண்டது: பூக்கட்டும் மூதாட்டி ஒருவர் ஓவியனிடம், "ஏம் தம்பி, கோபுரத்த மட்டும் போட்டா போதுமா? எங்கடையப் போடலயே" என்றார். "அடுத்தது உங்க கடைதான் ஆத்தா, கொஞ்சம் பொறுங்க" என்றான் அவன். சொன்னபடியே எழுதினான். மின்கம்பியையும் விளம்பரப் பலகையையும் விட்டுவிடலாகாதா என்று யான் கேட்டேன். "இருக்குறதத்தானே ஐயா எழுதணும்" என்று பணிவாகச் சொன்னான். எனக்கு அவ்விடை மிகவும் உவப்பாயிற்று. நாளை அக்கம்பிகள் நிலத்தடிக்குச் செல்லும். அப்போது அவையும் வரலாறு.

திருப்பணிச் செல்வர்களுக்கு ஒரு விண்ணப்பம். குடமுழுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்வது. திருப்பணிக்குச் சாரம் கட்டுமுன், ஓவியர் சிலரை அழைத்துக் கோயிலையும் அதன் நான்கு பக்கத்துத் தெருக்களையும் உள்ளவாறே எழுதுவித்து, நாளும் இடமும் குறித்து வைத்தல் வேண்டும். பழஞ்சுவர் ஓவியங்கள் சுண்ணத்தின் கீழ் மறைந்துபோன ஊர்கள் தமிழ்நாட்டில் பல. அவற்றுட் பெரும்பாலானவற்றில் என்ன இருந்தது என்று சொல்ல ஒரு கோட்டுப்படமும் இல்லை. ஓராண்டுத் திருப்பணிச் செலவில் இது வாணவேடிக்கைச் செலவின் அளவும் வராது. திருமடத்தில் ஏட்டுச்சுவடிகளை வசம்பு வைத்துக் காத்தோம். தாளுக்கு அது போதாது. கண்ணாடிச் சட்டமிட்டு, வெயிலும் ஈரமும் படாத உட்சுவரில் மாட்டுதல் வேண்டும்.

திருவாயிலில் வழிபடுவோர்க்கு இடையூறு ஆகுமென்று எண்ணுவோர்க்கும் ஒரு வழி உண்டு. நம் கோயிலின் மேலைத் திருமதிலை ஒட்டிய வெளிப்புறத்தில் காலை ஒன்பது மணி வரையில் நல்ல நிழல் இருக்கின்றது. அங்கிருந்து பார்த்தால் மேற்குத் தெரு முழுவதும் தெரியும்.